மலைக் குளிரும் துருவக் குளிரும்

மலேசியாவில் குளிரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எல்லாரும் கேமரன் மலையைத்தான் சொல்வார்கள். பள்ளி விடுமுறை வந்தால் போதும், தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரையிலான வளைவுப் பாதையில் கார்கள் வரிசை பிடித்து ஏறும். குளிரைக் காசு கொடுத்து அனுபவிக்க வருகிறவர்கள் அவர்கள். அந்தக் குளிரிலேயே பிறந்து, விடியற்காலைப் பனியில் பெரட்டுக்குப் போய், நனைந்த செடிகளுக்கு நடுவே இடுப்பளவு ஈரத்தோடு கொழுந்தெடுத்து, அங்கேயே மூப்படைந்தவர்கள் வேறு. என் பாட்டி இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

வரலாற்றை நாம் மறந்துவிடக் கூடாது. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியைக் கண்டு குறிப்பெழுதினார். 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பிறகு, வெள்ளைக்காரர்கள் வெயிலிலிருந்து தப்பித்து ஓய்வெடுக்கும் மலைவாசத்தலமாக இதை மாற்றும் வேலை தொடங்கியது. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். மற்ற தோட்டங்களும் பின்னர் வந்தன. குளிர் என்றால் மார்கழி விடியலை மட்டுமே அறிந்திருந்த தமிழ்நாட்டுச் சமவெளி மக்கள், இந்தச் சரிவுகளில் தேயிலை நட வந்தார்கள். என் பாட்டியின் தந்தையும் அப்படி வந்தவர்தான். ஊரில் துண்டு மட்டும் போர்த்திப் படுத்தவர், இங்கே கம்பளி இல்லாமல் ஓர் இரவும் தூங்கியதில்லை என்று பாட்டி சொல்வார்.

நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறேன். ஒரு விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது, "என்னய்யா படிக்கிற?" என்று பாட்டி கேட்டார். துருவப் பகுதிகள் ஏன் உலகிலேயே மிகக் குளிராக இருக்கின்றன என்ற பாடம் நடக்கிறது என்றேன். பாட்டி உடனே, "இதுக்கா காலேஜுக்குப் போற? அது சூரியனுக்குத் தூரமா இருக்கு, குளுருது" என்றார். பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அப்படின்னா நம்ம மலை சூரியனுக்குக் கிட்டதானே இருக்கு? மேல ஏற ஏறச் சுடணுமே, ஏன் குளுருது?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூடத் தாண்டாத ஒருவரிடமிருந்து வந்த கேள்வி அது. முதல் வாக்கியத்தில் தாம் சொன்ன விடையைத் தாமே அடுத்த வாக்கியத்தில் உடைத்துவிட்டார்! தொலைவுதான் குளிருக்குக் காரணம் என்றால், அந்த விதி மலையில் தோற்றுப்போகிறது. பட்டம் பெற்ற பலரும் முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுகிறார்கள். இந்தக் கேள்விக்குத் தமிழில், அதுவும் லயத்து வீட்டுத் திண்ணையில் பேசும் தமிழில், விடை சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அன்று பிறந்தது. மூன்று விடுமுறைகள் அதிலே கழிந்தன.

முதலில் தொலைவுக் கணக்கைத் தீர்த்துக்கொண்டோம். பூமிக்கும் கதிரவனுக்கும் இடையே ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர். நம் குனோங் பிரிஞ்சாங்கின் உச்சி கடல்மட்டத்துக்கு மேல் 2,032 மீட்டர், அதாவது இரண்டே கிலோமீட்டர். துருவத்தை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். நிலநடுக்கோட்டைவிடத் துருவம் கதிரவனுக்கு எட்டி இருக்கிறது என்று வைத்தாலும், அந்த வேறுபாடு ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரைத் தாண்டாது. 15 கோடிக்கு முன்னால் இது எம்மாத்திரம்? இதைவிடப் பெரிய சான்று ஒன்றும் உண்டு. பூமி கதிரவனை வட்டமாகச் சுற்றவில்லை. சற்றே நீண்ட வட்டத்தில் சுற்றுகிறது. ஜனவரித் தொடக்கத்தில் நாம் கதிரவனுக்கு மிக அருகில் இருக்கிறோம். ஜூலையில் இருப்பதைவிட 50 இலட்சம் கிலோமீட்டர் அருகில்! ஆனால், கேமரன் மலையில் நடுங்க வைக்கும் குளிர் அடிப்பதும் அந்த ஜனவரி மாதத்தை ஒட்டித்தான். 50 இலட்சம் கிலோமீட்டர் நெருங்கி வந்தும் குளிரை விரட்டாத கதிரவன், இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்காகவா நம்மைச் சுடப்போகிறான்?

பாட்டி இதை ஏற்றுக்கொண்டார். "அப்ப தூரமில்ல. வேற என்ன?" என்றார்.

மலையின் குளிருக்குக் காரணம் காற்று. கதிரவனின் ஒளி காற்றைப் பெரிதும் சூடாக்காமல் ஊடுருவிக் கீழே வந்து நிலத்தைச் சூடாக்குகிறது. நிலம்தான் தன்மேல் படிந்த காற்றைச் சூடாக்குகிறது. அடுப்பு கீழே இருக்கிறது என்று பாட்டிக்குச் சொன்னேன். சூடான காற்று மேலே எழும்போது அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. சைக்கிள் டயரின் வால்வை அழுத்திக் காற்றைத் திறந்துவிட்டால் விரலில் சில்லென்று படுமே, அதே செய்திதான். சராசரியாக ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. ஈப்போவில் சராசரி வெப்பம் 27 பாகையை ஒட்டி இருக்கையில், ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் அது 18 பாகையாக இருப்பதன் கணக்கு இவ்வளவுதான்.

இரவில் இன்னொன்றும் சேர்கிறது. பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. அதைத் தடுத்து வைத்துக்கொள்ளும் கம்பளி, காற்றிலுள்ள நீராவியும் மேகமும்தான். மேலே போகப் போகக் காற்றும் மெலிகிறது, நீராவியும் குறைகிறது. கம்பளி மெல்லியதாகிவிடுகிறது. அதனால்தான் வானம் தெளிந்து விண்மீன்கள் பளிச்சிடும் இரவுகளில் குளிர் கூடுகிறது. மலேசிய வானிலைத் துறையின் பதிவேட்டில் நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை செல்சியஸ். 1978 பிப்ரவரி 1-ஆம் நாள் பதிவான இடம் கேமரன் மலை.

இந்த இடத்தில் நம் இலக்கணத்தை நினைத்து நான் வியந்ததுண்டு. குறிஞ்சித் திணைக்குப் பெரும்பொழுதாகக் கூதிரையும் முன்பனியையும், சிறுபொழுதாக யாமத்தையும் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. மலையை நினைத்தவுடன் குளிர்காலமும் நள்ளிரவும் நம் முன்னோர் நினைவுக்கு வந்திருக்கின்றன. மலையின் குளிரைத் தமிழ் மிக நன்றாக அறிந்திருந்தது. ஆனால், துருவத்தின் குளிரை அறிய அதற்கு வாய்ப்பில்லை. 'துருவம்' என்ற சொல்லே வடமொழியில் அசையாத விண்மீனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 'பனி' என்ற ஒரே சொல்லால் புல்லின் மேலிருக்கும் துளியையும், மலைமேல் மிதக்கும் மூட்டத்தையும், வானிலிருந்து விழும் வெண்துகளையும் சொல்லிவிடுகிறோம். உறையாத பனியும் உறைந்த பனியும் ஒரே சொல்லாக இருக்கும் மொழியில் துருவத்தை விளக்குவது எளிதன்று, சுவையான வேலைதான்!

துருவத்தின் குளிரை விளக்க டார்ச் லைட்டை எடுத்தேன். மின்சாரத்தை அணைத்துவிட்டுச் சிமெண்டுத் தரைக்கு நேர் மேலே பிடித்தேன். சிறிய, பிரகாசமான வட்டம் விழுந்தது. பிறகு அதே டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். வட்டம் நீண்டு, பரந்து, மங்கிப்போனது. பேட்டரி அதே பேட்டரி. ஒளியும் அதே ஒளி. பரவிய இடம் மட்டும் கூடிவிட்டது. பாட்டி பார்த்துவிட்டு, "நேரா விழுந்தா ஒருத்தருக்குச் சோறு, சாஞ்சு விழுந்தா நாலு பேருக்குப் பங்கு" என்றார். என் விரிவுரைக் குறிப்பில் இவ்வளவு தெளிவாக இல்லை.

கேமரன் மலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நாலரைப் பாகையில் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் நடுவிலும், நண்பகல் கதிரவன் நம் உச்சந்தலைக்கு நேராக நிற்கிறான். மற்ற நாள்களிலும் நண்பகலில் 62 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. துருவத்திலோ, கோடைகாலத்தின் உச்சநாளில்கூட அவன் அடிவானிலிருந்து இருபத்து மூன்றரைப் பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அது நமக்கு மாலை ஐந்தரை மணியளவில் தெரியும் வெயில். துருவத்தின் மிகச் சிறந்த நண்பகல், நம் தோட்டத்தில் வேலை முடிந்து வீடு திரும்பிய பின் முதுகில் படும் அந்த மாலை வெயில்தான்! உச்சியில் நின்று ஒரு சதுர அடியில் விழுகின்ற ஒளி, அங்கே இரண்டரைச் சதுர அடியில் பரவிவிடுகிறது. சாய்ந்து வருவதால் காற்றினூடே நெடுந்தூரம் வரவேண்டியிருக்கிறது. வழியிலும் கொஞ்சம் இழக்கிறது. இது கோடையின் கதை. குளிர்காலத்தில் இந்தச் சாய்ந்த வெயிலும் இல்லை. துருவத்தில் ஒருமுறை மறையும் கதிரவன் மீண்டும் உதிக்க ஏறக்குறைய ஆறு மாதங்கள் ஆகின்றன. நிலம் சூட்டை வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும், கொடுப்பார் எவருமில்லை.

ஆனால் பாட்டி இங்கேயும் ஒரு கேள்வி வைத்திருந்தார். "ஆறு மாசம் ராத்திரின்னா, மீதி ஆறு மாசம் பகல்தானே? ராவும் பகலும் வெயில் அடிச்சா சூடாகணுமே?"

நியாயமான கேள்வி. உண்மையில், காற்று மண்டலத்தின் உச்சியில் வைத்துக் கணக்கிட்டால், டிசம்பர் பிற்பகுதியில் ஒரு நாள் முழுவதும் தென் துருவத்துக்கு வந்து சேரும் வெயில், அதே நாளில் நிலநடுக்கோட்டுக்கு வருவதைவிட அதிகம். சாய்ந்த வெயிலானாலும் 24 மணி நேரமும் அடிக்கிறதல்லவா? அப்படியிருந்தும் தென் துருவ நிலையத்தில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பநிலையே சுழியத்துக்குக் கீழ் 12.3 பாகைதான் (2011 டிசம்பர் 25). வந்த வெயில் எங்கே போனது?

வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது. புதிதாக விழுந்த வெண்பனி தன்மேல் படும் ஒளியில் நூற்றில் எண்பது பங்குக்கும் மேல் வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. வெயிலில் வெள்ளைச் சட்டை போட்டவருக்கும் கறுப்புச் சட்டை போட்டவருக்கும் உள்ள வேறுபாடு அது. குளிர்வதால் பனி படிகிறது. பனி படிவதால் மேலும் குளிர்கிறது. ஏழைக்குக் கடன் கிடைக்காதது போல, கடன் கிடைக்காததால் அவன் மேலும் ஏழையாவது போல!

இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வட துருவம் கடலின் மேல் இருக்கிறது. மிதக்கும் பனிப்பாளத்தின் கீழே உறையாத கடல்நீர் இருக்கிறது. அந்த நீர் எவ்வளவு குளிர்ந்தாலும் சுழியத்துக்குக் கீழ் இரண்டு பாகைக்குள்தான் நிற்கும். அது அடுப்பு போலக் கொஞ்சம் சூட்டை மேலே விட்டுக்கொண்டிருக்கிறது. தென் துருவமோ கண்டத்தின் மேல் குவிந்த பனிமலை. கடல்மட்டத்துக்கு மேல் 2,835 மீட்டர். நம் குனோங் பிரிஞ்சாங்கைவிட 800 மீட்டர் உயரம்! ஆக, சாய்ந்த வெயில், நீண்ட இரவு, வெண்பனி ஆகியவற்றோடு நம் மலையின் குளிரும் அங்கே போய்ச் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் வட துருவத்தைவிடத் தென் துருவம் கடுங்குளிர். அந்தக் கண்டத்தில் 3,488 மீட்டர் உயரத்திலுள்ள வோஸ்டோக் நிலையத்தில் 1983 ஜூலை 21-ஆம் நாள் சுழியத்துக்குக் கீழ் 89.2 பாகை பதிவானது. பூமியின் மேல் எந்த வானிலை நிலையமும் அதற்குக் கீழே அளந்ததில்லை.

"அப்ப அங்கயும் ஒரு கேமரன் மலை இருக்குன்னு சொல்லு" என்றார் பாட்டி. பாட்டியின் இரண்டு வாக்கியங்களும் அங்கே ஒன்றாகச் சந்தித்துக்கொண்டன.

இது ஏதோ தொலைதூரத்துச் செய்தி என்று நினைத்துவிடாதீர்கள். வெப்பமண்டலத்தில் மிஞ்சும் சூட்டைக் காற்றும் கடல்நீரோட்டமும் துருவங்களை நோக்கிச் சுமந்துகொண்டே இருக்கின்றன. அந்தச் சுமை தூக்குதல் இல்லாவிட்டால் துருவம் இன்னும் குளிரும். நாம் இன்னும் வேகுவோம். எதிர்த்திசையிலும் வரவு உண்டு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் சைபீரியப் பெருநிலத்தின் மேல் திரளும் கனத்த குளிர்காற்று தெற்கே பொங்கி வரும்போது, தென்சீனக் கடலைத் தாண்டி வரும் வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கிறது. நம் நாடும் துருவத்தைப் புறக்கணித்துவிடவில்லை. 1982-இல் ஐக்கிய நாட்டுப் பொதுப்பேரவையில் டாக்டர் மகாதீர் அண்டார்டிகா பற்றிய கேள்வியை எழுப்பினார். 2002-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசிய அண்டார்டிகா ஆய்வு மையம் அமைந்தது. 2011-இல் மலேசியா அண்டார்டிகா ஒப்பந்தத்தில் இணைந்தது. வெண்பனியே விழாத நாட்டுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கே விடை.

அந்தக் கணக்கு இப்போது மாறி வருகிறது. வட துருவப் பகுதி 1979-க்குப் பிறகு உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது என்று 2022-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வெள்ளைப் பனி உருகி, அதனடியிலிருந்த கருங்கடல் வெளிப்பட்டால், திருப்பி அனுப்பிய வெயிலை இப்போது கடல் விழுங்கும். கடல் சூடானால் பனி மேலும் உருகும். முன்பு குளிரைக் கூட்டிய அதே சக்கரம், இப்போது பின்பக்கமாகச் சுழல்கிறது.

எங்கள் மலையிலும் மாற்றம் தெரிகிறது. "அந்தக் காலத்துக் குளுரு இப்ப ஏது?" என்பது தோட்டத்துப் பெரியவர்கள் எல்லாரும் சொல்லும் வாக்கியம். இரண்டு கம்பளிக்குள் சுருண்ட காலத்தைப் பாட்டி சொல்வார். தானா ராத்தாவில் ஒரு கடையில் காற்றாடி விற்பனைக்கு அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, "இத யாரு இங்க வாங்குறா?" என்று சிரித்தார். நினைவு வெப்பமானி ஆகாது என்பதை நான் அறிவேன். சரிவுகளில் காட்டை அழித்து நெகிழிக் கூரைகள் எழுந்ததும், வாகனங்களும் விடுதிகளும் பெருகியதும் ஊரின் சூட்டைக் கூட்டக்கூடியவை. எல்லாவற்றையும் உலகச் சூடேற்றத்தின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால், உலகச் சராசரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்ததைவிட ஒரு பாகைக்கும் மேல் ஏறிவிட்டது என்பது அளந்து கண்ட உண்மை.

ஒரு பாகை என்றால் என்ன? மேலே சொன்ன மலைக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு பாகை சூடேறினால், பழைய குளிரை மீண்டும் பெற ஏறக்குறைய 150 மீட்டர் மேலே ஏற வேண்டும். தேயிலைச் செடியை மேலே நடலாம் என்பார்கள். குனோங் பிரிஞ்சாங்கின் உச்சியைச் சுற்றிலும் பாசி போர்த்திய மேகக்காடு இருக்கிறது. அங்குள்ள செடிகளும் கெண்டி போன்ற குடுவைத் தாவரங்களும் ஈரத்தையும் குளிரையும் நம்பி வாழ்கின்றன. அவை எங்கே ஏறும்? 2,032 மீட்டரோடு மலை முடிந்துவிடுகிறது. துருவத்துக்கும் அதுவே நிலைமை. வடக்கே போகப் போகக் குளிரும் என்றால், வடக்கே போய் முடிகிற ஓரிடம் இருக்கிறது. அதற்கு அப்பால் வடக்கு இல்லை. மலையுச்சியும் துருவமும் குளிர் ஒதுங்கிய கடைசி மூலைகள்.

இதையும் பாட்டியிடம் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கப்பா வெயிலுக்குப் பயந்து இங்க வரல, பஞ்சத்துக்குப் பயந்து வந்தாரு. வந்த எடத்துக் குளுர நாங்க திட்டாத நாளில்ல. இப்ப அது போவுதுன்னா மனசு கேக்கல" என்றார். கைவிரல் கணுக்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். ஈரக் குளிரில் முப்பது ஆண்டுகளுக்குமேல் கொழுந்தெடுத்த விரல்கள் அவை. குளிர் அவருக்குச் செய்த கெடுதலை அவர் மறக்கவில்லை. ஆனாலும் அதன் பக்கம் நின்றார்.

இன்று எங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள். லயத்து வீடுகளில் தமிழ்க்குரல் குறைந்துவிட்டது. என் வயதுப் பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறோம். படித்து முன்னேற வேண்டும் என்று நம்மை அனுப்பியவர்கள், நாம் என்ன படிக்கிறோம் என்று கேட்டால், "உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் வழக்கம் நம்மிடையே பெருகி வருகிறது. எனக்கோ, பாட்டிக்குப் புரியும்படி சொல்ல முயன்ற பிறகுதான் பாடமே புரிந்தது. சாய்ந்த வெயிலைச் சோற்றுப் பங்காகச் சொன்னது அவர். பகல் ஆறு மாதத்தைக் கேட்டு மடக்கியதும் அவர். அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால், வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும் கதையைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டுப் போயிருப்பேன்.

தமிழில் அறிவியல் இருக்கிறதா என்று மேடைகளில் வாதிடுகிறோம். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் துறையிலிருந்து ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு போய், வீட்டிலுள்ள மூத்தவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் எதிர்க்கேள்வி கேட்டால் நீங்கள் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்று பொருள். பாட்டி என்னிடம் கடைசியாகக் கேட்டது இது: "அந்தப் பனி எல்லாம் கரஞ்சா, அந்தத் தண்ணி யாரு வாசலுக்கு வரும்?" அதற்கான கணக்கைத்தான் இந்தப் பருவத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன்.